நாய்க்கு விரித்த புல்

குற்றாலலிங்கத்துக்கு அந்தப் புல்லைப் பார்த்ததும் வந்த முதல் ஆசை, அதிலே காலை நீட்டிப் படுத்துத் தூங்க வேண்டும் என்பதுதான். துப்பறிய வந்த மனுஷனுக்கு வரக்கூடாத ஆசை. ஆனால் ஐம்பத்தாறு வயசு, தேய்ந்துபோன வலது முழங்கால், முந்தின வாரம் முழுக்க ஒரு கல்யாணத் தரகரின் பின்னால் அலைந்த அலைச்சல் எல்லாம் சேர்ந்தால் யாருக்குத்தான் வராது?

"படுத்துராதீங்க சார்," என்றாள் ஜெஸ்லின். "முதுகு வெந்து போகும், கேட்டோ. இது ஒரிஜினல் புல்லு இல்ல. ப்ளாஸ்டிக்."

குனிந்து தொட்டார். சுட்டது. சே, இதிலும் ஏமாற்றமா என்று கையை உதறிக்கொண்டார்.

ஜெஸ்லின் அவருடைய உதவியாளர். பெற்றோர் நாகர்கோவில் பக்கம். இவள் பிறந்து வளர்ந்து படித்ததெல்லாம் திருவனந்தபுரம். தமிழும் மலையாளமும் அவள் வாயில் ஒரே இலையில் பரிமாறினது போல வரும். நாலு வருஷமாக லிங்கத்தோடு இருக்கிறாள். வேலைக்காக இல்லை, அவரை நக்கல் அடிப்பதற்காகவே இருக்கிறாள் என்பது அவருடைய அபிப்பிராயம்.

கரமனை ஆற்றைப் பார்த்தபடி கட்டிய மாடி வீடு அது. பின்பக்கம் நீச்சல்குளம். வீட்டுக்காரர் ராமசுப்ரமணியன், ரிட்டயர்டு சீஃப் என்ஜினியர். அவருக்கும் முட்டுவலி. தண்ணீரில் நடந்தால் நல்லது என்று டாக்டர் சொல்லப்போக, துபாயில் இருக்கும் மகன் சாய் ஒரு குளத்தையே கட்டிக் கொடுத்துவிட்டான். லிங்கத்தின் முட்டுக்கு வாய்த்தது ஒரு பாட்டில் தைலம். அதை நினைத்து ஒரு பெருமூச்சு விட்டார்.

மகன் கொடுத்தது குளம் என்றால், மகள் ஸ்மிதா மெல்போர்னுக்குப் போகும்போது விட்டுப்போனது ப்ரூனோ என்கிற லாப்ரடார். குளமும் நாயும் ஒத்துப்போகவில்லை. நாய் செம்மண்ணில் புரண்டுவிட்டு நேரே தண்ணீரில் குதிக்கும். குளம் ரசம் மாதிரி ஆகிவிடும். நிஜப் புல் நட்டால் தோண்டிப் போடும். அதனால்தான் நாய் இருக்கிற வீட்டுக்கென்றே செய்த இந்தச் செயற்கைப் புல்லை வரவழைத்து, குளத்தைச் சுற்றி நாலு பக்கமும் விரித்திருந்தார்கள். மண்ணும் வராது, இலை தழையும் வராது, நாயும் தோண்ட முடியாது. எல்லாம் சரிதான். புல் விரித்த வாரத்திலேயே வீட்டுச் சாமி காணாமல் போய்விட்டது.

காலையில் ஹால் கதவைச் சாத்திவிட்டு ராமசுப்ரமணியன் சொன்னது லிங்கத்தின் காதில் இன்னும் இருந்தது.

"ஏழு தலைமுறையா எங்காத்துல இருக்கற சாளக்கிராமம். தஞ்சாவூர்லேர்ந்து வலியசாலை அக்ரஹாரத்துக்கு வரச்சே எங்க முன்னோர் மடியில கட்டிண்டு வந்தது. திங்கக்கிழமை பூஜை பண்ணிட்டுப் பெட்டியில வெச்சேன். செவ்வாக்கிழமை காலம்பற தொறந்தா, இல்லை."

"எப்படி இருக்கும்?"

"கருப்பா, உருண்டையா, எலுமிச்சம்பழம் அளவுக்கு. பாக்கறவாளுக்கு வெறும் கூழாங்கல்லாக்கும். அதனால நான் வெளியில யார்கிட்டயும் கல்லுன்னு சொல்லலை. விக்ரகம்னு சொல்லி வெச்சிருக்கேன். கல்லைக் காணோம்னு ஸ்டேஷன்ல போய் நின்னா சிரிக்க மாட்டாளா? நீங்களும் விக்ரகம்னே சொல்லுங்கோ, லிங்கம்."

லிங்கம் தலையாட்டினார். கட்சிக்காரர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுவது பழகிப்போன கழுத்து அது.

"எடுத்தது யாருன்னு எனக்குத் தெரியும்," என்றார் ராமசுப்ரமணியன். "புல்லு போட வந்த இசக்கி. வீட்டுக்குள்ள அன்னியன்னு வந்தது அவன் ஒருத்தன்தான். சமையலறைக் குழாய்லேர்ந்து தண்ணி எடுக்க உள்ள வருவான். செவ்வாக்கிழமையிலேர்ந்து பின்கதவைப் பூட்டிட்டேன், உள்ள விடறதில்லை. ஆனா வியாழக்கிழமை பூஜை ரூம் வாசல்ல இது கிடந்தது, பாருங்கோ."

மடித்த காகிதம் ஒன்றைப் பிரித்தார். உள்ளே ஒரு சிட்டிகை வெள்ளை மணல்.

"புல்லுக்கு நடுவில தூவற மணலாக்கும். அவன் கால்ல ஒட்டினது. வேறென்ன சாட்சி வேணும்? இன்னிக்கு நாலு மணி வரைக்கும் டைம் கொடுத்திருக்கேன். அதுக்குள்ள எடுத்துக் கொடுத்தா விட்டுடறேன். இல்லேன்னா போலீஸ்."

"வீட்டில் வேறு யார் யார்?"

"நானும் சாவித்ரியும். காலம்பற எட்டுலேர்ந்து பன்னெண்டு வரைக்கும் வேலைக்கு சரசம்மா. அவளை பூஜை ரூம் பக்கமே விடறதில்லை. சாவித்ரி தொடவே மாட்டா. எங்காத்துப் பொம்மனாட்டிகள் சாளக்கிராமத்தைத் தொடப்படாது. கல்யாணமாகி முப்பத்திநாலு வருஷம், ஒரு நாள் விரல் பட்டதில்லை."

சாவித்ரி அப்போது காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். லிங்கம் தன் வாழ்க்கையில் பார்த்த முகங்களிலேயே அதிகமாகக் களைத்திருந்தது அந்த முகம். அதுவரை அந்தப் பட்டம் அவர் தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகத்துக்குத்தான் இருந்தது.

*

இசக்கி பம்ப் ஷெட் நிழலில் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். வள்ளியூர்ப் பக்கத்துக்காரன், நாற்பது வயசு இருக்கும். அவனுடைய செல்போனையும் வோட்டர் கார்டையும் வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொண்டுவிட்டார். அதனால் கேட் திறந்தே கிடந்தும் அவன் எங்கேயும் போகவில்லை.

"போலீசுன்னு ஒரு தடவ பேரு வந்துட்டுன்னா பெறவு ஒரு வீட்டு கேட்டும் நமக்குத் தொறக்காது சார்," என்றான். "காண்ட்ராக்டர் யோசுவா அண்ணாச்சிக்கு அய்யா போன் போட்டு, நான் கேக்கும்படியா ஸ்பீக்கர்ல பேசுனாரு. அவனுக்கும் எனக்கும் சம்பந்தமில்லன்னுட்டாரு அண்ணாச்சி. பதிமூணு வருசமா அவருகூட இருக்கேன் சார். எம் பொண்டாட்டி ஆவுடைத்தாய்க்கு இன்னும் விசயம் தெரியாது. தெரிஞ்சா அழுதே செத்துருவா."

லிங்கம் பையிலிருந்து பழைய டைரியை எடுத்தார். இருபத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விசாரணை அதிகாரியாக இருந்தபோது எழுதி வைத்த பதினோரு கேள்விகள் அதன் முதல் பக்கத்தில் இருந்தன. சந்தேகப்பட்ட யாராக இருந்தாலும் அதே பதினொன்று, அதே வரிசை. இதில் தப்பிப் பிழைத்தவன் கிடையாது என்று அவர் சொல்லிக்கொள்வார். கேட்கும்போது அவருக்கே தூக்கம் வருகிறது என்று ஜெஸ்லின் சொல்வாள்.

நீ எந்த ஊர், நீ எங்கே தூங்குகிறாய், நீ கடைசியாக எப்போது வீட்டுக்குள் போனாய், நீ பூஜை அறையை எட்டிப் பார்த்ததுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இசக்கி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். ஷெட்டில்தான் படுக்கை. வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்க விடியற்காலையிலேயே எழும்பிவிடுவான். பூஜை அறை எந்தப் பக்கம் என்றே தெரியாது.

"கடைசிக் கேள்வி. அதை நீ எங்கே வச்சே?"

"எனக்கு அந்த விக்ரகம் தங்கமா வெள்ளியான்னே தெரியாது சார். கண்ணால கண்டதில்ல. எங்க சொடலமாடன் மேல சத்தியம்."

லிங்கம் டைரியை மூடினார். விக்ரகம் இல்லை, கல் என்று சொல்ல வாய் வந்தது. கட்சிக்காரருக்குக் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. விழுங்கிவிட்டார்.

"பதினோரு கேள்வி, பதினோரு இல்லை," என்றாள் ஜெஸ்லின். "சார், இந்த மேட்ச்ல நம்ம ஸ்கோர் எந்தா?"

அந்த நேரம் பார்த்துத்தான் சரசம்மா, கையில் விளக்குமாறோடு, பின்கதவைத் திறந்து வந்து ரகசியம் போலச் சொன்னாள். ரகசியம் ஆற்றுக்கு அக்கரை வரை கேட்டிருக்கும்.

"நான் என் கண்ணால கண்டேன் சாரே! திங்களாழ்ச்ச காலத்து இவன் அந்த மூலையில குழி தோண்டி எந்தோ வச்சு மூடினான். அதுக்கு மேலதான் புல்லைப் போட்டான்."

தென்மேற்கு மூலை. இசக்கியின் முகம் செத்துப்போயிற்று.

"அந்த மூலைய மட்டும் பிரிக்காதிய சார். ஒங்க கால்ல விழுதேன்."

ஜெஸ்லின் லிங்கத்தைப் பார்த்தாள். லிங்கத்துக்குக் கண்டுபிடித்த சந்தோஷம் வரவில்லை. சீக்கிரம் வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்கிற நிம்மதிதான் வந்தது. அதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"பிரி," என்றார்.

இசக்கியே கத்தியால் ஓரத்தை நெம்பி, புல்லை ஒரு முழம் சுருட்டினான். கீழே ஜல்லிப்பொடி. அதைக் கையால் விலக்கினான். உள்ளே வாடிப்போன வெற்றிலை, மஞ்சள் தடவிய ஒரு எலுமிச்சம்பழம், ஒரு ரூபாய் நாணயம்.

"அய்யே, இத்தனையேயுள்ளோ?" என்றாள் சரசம்மா, ஏமாந்துபோய்.

"வேல தொடங்கும்போ கன்னிமூலையில வைக்கது சார்," என்றான் இசக்கி. குரல் நடுங்கியது. "வேல முடியுத வரைக்கும் தொறக்கப்பிடாது. தொறந்தா வேலக்காரனுக்கு ஆகாது."

"உங்களுக்கு ஏற்கெனவே ஆகலையே அண்ணாச்சி," என்று ஜெஸ்லின் சொல்லிவிட்டாள். சொன்ன பிறகுதான் அவன் கண் கலங்கியிருப்பதைப் பார்த்தாள். சட்டென்று மண்டிபோட்டு, ஜல்லிப்பொடியை அவளே அந்தப் பழத்தின் மேல் தள்ளி மூடினாள்.

*

எழுந்தபோது அவள் சுரிதார் முட்டியில் வெள்ளை மணல் அப்பியிருந்தது. தட்டினாள். போகவில்லை. மறுபடியும் தட்டினாள்.

"இது எந்தொரு சல்லியம் சார்! பசை மாதிரி ஒட்டுது."

"அது அப்படித்தான்மா," என்றான் இசக்கி. வேலையைப் பற்றிப் பேச்சு வந்ததும் அவன் குரல் நேரானது. "வேற எடம்னா புல்லுக்குள்ள கறுப்பு ரப்பர் பொடி தூவுவோம். நாய் இருக்க வீட்ல அது கூடாது, தின்னுப்போடும். அதனால இந்த வெள்ள மணலு. நாய் மூத்திரம் போனா அடியில ஓட்ட வழியா தண்ணி எறங்கிரும், வாடைய மணலு புடிச்சுக்கிடும்."

"எப்போ தூவினே?" என்றார் லிங்கம். ஏதோ பேச வேண்டுமே என்று கேட்டதுதான்.

"புதங்கெழம மத்தியானம் சார். திங்கக்கெழமயே வரவேண்டிய லாரி. ரெண்டு நா லேட்டு."

லிங்கம் இரண்டு தடவை கண்ணைச் சிமிட்டினார். அன்றைக்கு முதல் தடவையாகத் தூக்கம் கலைந்தது.

"சாமி காணாமப் போனது தெரிஞ்சது செவ்வாய்க்கிழமை காலையில. இந்த மணல் வந்தது புதன்கிழமை மத்தியானம். ஜெஸ்லின், செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடி திருடினவன் கால்ல புதன்கிழமை மணல் எப்படி ஒட்டும்?"

"அட்வான்ஸா ஒட்டியிருக்கும் சார்."

"செவ்வாய்க்கிழமையிலேர்ந்தே இசக்கியை வீட்டுக்குள்ள விடலை. அப்போ இந்தப் புல்லுல இருந்து பூஜை ரூமுக்கு நடந்தது யாரு?"

"சரசம்மாவுக்கு பூஜை ரூம் தடை," என்று ஜெஸ்லின் விரலை மடக்கினாள். "பெரியவர் செவ்வாய்க்கிழமையிலேர்ந்து குளத்துப் பக்கமே வரல. சாமி இல்லாம என்ன குளியல்னு துக்கத்துல இருக்காரு, சரசம்மாதான் சொன்னா. மிச்சம் இருக்கறது..." மூன்றாவது விரலை மடக்காமல் நிறுத்தினாள். "ஆனா மாமி தொடமாட்டாங்கல்லே சார்?"

இசக்கி பசை டப்பாவை எடுத்துக்கொண்டு மூலையை ஒட்டப் போய்விட்டான். லிங்கம் குளத்தின் ஆழமான முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஸ்டீல் ஏணி தண்ணீருக்குள் இறங்குகிற இடத்தில், உச்சி வெயிலில், ப்ரூனோ நின்று புல்லை நக்கிக்கொண்டிருந்தது. சூடு தாங்காமல் காலை மாற்றி மாற்றி வைக்கும், நிழலுக்கு ஓடும், திரும்பி வரும், மறுபடி நக்கும்.

"ப்ளாஸ்டிக் புல்லுல அப்படி என்ன ருசி?" என்று நொண்டிக்கொண்டே அங்கே போனார்.

மற்ற இடமெல்லாம் புல் ப்ரஷ் போட்டு நிமிர்த்தினாற்போல நின்றது. ஏணி ஓரம் மட்டும், ஒரு ஆள் சம்மணம் போட்டு உட்காரும் அளவுக்கு, படிந்து கிடந்தது. புல்லின் அடியில் நாய் நாக்குக்கு எட்டாத இரண்டு சோற்றுப் பருக்கைகள் இருந்தன.

இசக்கியைக் கூப்பிட்டு இது என்ன என்று கேட்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தார். எதற்கு? அவனிடம் கேட்டுத்தான் முடித்தாயிற்றே.

பக்கத்தில் ஏதோ களக் களக் என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. குளத்துச் சுவரில் ஒரு வாய் போல ஓட்டை. மேலே தரையில் ஒரு வட்ட மூடி.

"அது குப்பை இழுக்கற பெட்டி சார்," என்றாள் ஜெஸ்லின். "நான் நீச்சல் படிச்ச குளத்துலயும் உண்டு. மோட்டார் ஓடினா மேல மிதக்கறதையெல்லாம் இழுத்து உள்ள ஒரு கூடையில போடும்."

"இங்கே என்ன குப்பை வரும்? இலை வரக்கூடாதுன்னுதானே இந்தப் புல்லையே போட்டிருக்கு? சுத்திலும் ஒரு செடி இல்லையே."

"தொறந்தா தெரியும்."

மூடியைத் தூக்கி, கூடையை எடுத்தாள். உள்ளே ஒரு பிடி அளவுக்கு இலைகள். சில கறுத்திருந்தன. சில இன்று பறித்தது போலப் பச்சையாக இருந்தன. ஜெஸ்லின் ஒன்றை எடுத்து மோந்து பார்த்தாள்.

"துளசி," என்றாள், குரலைத் தாழ்த்தி.

துளசி மாடம் வீட்டின் முன்வாசலில் இருந்தது. காலையில் வரும்போதே லிங்கம் பார்த்திருந்தார். நடுவில் இரண்டு மாடி வீடு நிற்கிறது. காற்று எவ்வளவு கெட்டிக்காரக் காற்றாக இருந்தாலும், கதிரோடு நகத்தால் கிள்ளிய துளசியை வீட்டைத் தாண்டிக் கொண்டுவந்து தினமும் ஒரே இடத்தில் போடாது.

*

சாவித்ரி இரண்டு டம்ளர் நீர்மோர் கொண்டுவந்தாள். அவள் தனியாக வெளியே வரட்டும் என்றுதான் லிங்கம் இவ்வளவு நேரம் காத்திருந்தார். மணி மூன்றரை. லிங்கம் டம்ளரை வாங்கவில்லை. ஈரத் துளசியைத் தன் உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

"அம்மா, சாமி இல்லாத வீட்டுல துளசி யாருக்கு?"

அவள் தட்டைக் கீழே வைத்தாள். மறுக்கவில்லை. அழவும் இல்லை. யாராவது கேட்க மாட்டார்களா என்று நாலு நாளாகக் காத்திருந்த மாதிரி, சுடுகிற புல்லில் அதே இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீருக்குள் கையை விட்டு, ஏணியின் அடிப்படியில் கட்டியிருந்த ஒரு நூலைப் பிடித்து இழுத்தாள். மஞ்சள் பட்டுத்துணியில் சின்னப் பை ஒன்று மேலே வந்தது. அவிழ்த்து உள்ளிருந்ததை எடுத்து இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டாள். கருப்பாக, உருண்டையாக, எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது.

"நாலு ஆகப் போறது, லிங்கம்! என்ன சொல்றான் அவன்?" என்று கேட்டுக்கொண்டே கையில் போனோடு பின்கதவைத் தாண்டி வந்த ராமசுப்ரமணியன், அப்படியே நின்றார்.

"நீ தொட்டியா?" என்றார்.

கிடைத்துவிட்டதா என்று கேட்கவில்லை. ஏன் எடுத்தாய் என்றும் கேட்கவில்லை. முதலில் வந்தது அந்தக் கேள்விதான்.

"தொட்டேன்," என்றாள் சாவித்ரி. "நாலு நாளாத் தொட்டுண்டுதான் இருக்கேன். முப்பத்திநாலு வருஷம் தொடாமலே நைவேத்யத்துக்கு சாதம் வடிச்சேனே, ஒரு நாள் விட்டிருக்கேனா? ஜுரம் வந்தப்போ விட்டேனா? ஸ்மிதாவோட மொதல் பிரசவத்துக்குப் போறேன்னேன். சுவாமிக்கு யார் சமைப்பான்னேள். நான் போகல்லே. அந்தக் குழந்தை தங்கல்லே. அவ அங்கேர்ந்து போன்ல அழறா, நான் இங்க கஞ்சியை வடிச்சிண்டு கேட்டுண்டு நிக்கறேன். இப்போ ஏப்ரல்ல ரெண்டாவது. மறுபடியும் அதே கேள்வி, சுவாமிக்கு யார் சமைப்பா? எனக்கு அலுத்துப் போச்சு. போறுமா? அலுத்துப் போச்சு."

குப்பை இழுக்கும் பெட்டி மட்டும் களக் களக் என்றது.

"சுவாமி தானாவே கிளம்பிப் போயிட்டார்னு நெனச்சுப்பேள், என்னையும் விட்டுடுவேள்னு நெனச்சேன். விடியக்காலம்பற நீங்க கோவிலுக்குப் போற நேரம் பார்த்து இங்க வருவேன். சுவாமி தண்ணியில இருக்கணும், துளசி வேணும், அன்னம் காட்டணும். பட்டினி போட மனசு வரல்லே. சமைக்காம இருக்கலாம்னுதானே எடுத்தேன்? எடுத்தப்புறமும் அதே சாதம்தான் வடிச்சிண்டிருக்கேன்." சிரிக்கப் பார்த்தாள். வரவில்லை. "இவனைப் பிடிச்சு உக்கார வெப்பேள்னு சத்தியமா நெனக்கல்லே. நேத்து திருப்பி வெச்சுடலாம்னு ரெண்டு தரம் பூஜை ரூமுக்கு வந்தேன். நீங்க வாசல்ல பாயைப் போட்டுண்டு நகரவே இல்லை."

லிங்கத்துக்கு அவள் மேல் கோபம் வரவேண்டும். ஒரு ஏழையின் பிழைப்பு போகப் பார்த்ததே. வரவில்லை. சிலருக்கு லீவு கேட்கக்கூட ஒரு வழி இல்லாமல் போய்விடுகிறது என்று நினைத்தார். நினைத்தபடியே திரும்பி, மூலையில் மண்டிபோட்டிருந்த இசக்கியைப் பார்த்தார். அவன் ஒன்றும் புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

ராமசுப்ரமணியன் சட்டைப்பையிலிருந்து இசக்கியின் வோட்டர் கார்டையும் செல்போனையும் எடுத்தார். செருப்பில்லாத காலோடு, சுடுகிற புல்லில் நடந்து மூலை வரைக்கும் போனார்.

"இந்தாப்பா," என்றார். "நான்... தப்பா..." அதற்கு மேல் வரவில்லை. "உன் காண்ட்ராக்டருக்கு இப்பவே போன் பண்றேன். நீ கேக்கற மாதிரி ஸ்பீக்கர்லயே சொல்றேன். தப்பு என்னுதுன்னு."

இசக்கி எழுந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அவன் கண் மட்டும் சாவித்ரியின் கையில் இருந்த கல்லின் மேலேயே இருந்தது.

"சார்," என்றான் லிங்கத்திடம், மெதுவாக. "இதயா தேடுனிய?"

"ஆமா."

"இந்தக் கல்லா? இதயா விக்ரகம்னு சொன்னிய?" அவனுக்கு நம்ப முடியவில்லை. "அம்மா தெனமும் விடியக்காலம் இத எடுத்துக் குளிப்பாட்டி, துளசி போட்டு, சோறு காட்டிட்டு, திரும்பத் தண்ணிக்குள்ள விடுமே! நான் ஷெட்டுக்குள்ளேருந்து பாத்துக்கிட்டுல்லா இருந்தேன். இங்க கோயில்ல சாமிய குளிப்பாட்ட ஆறாட்டுக்குக் கொண்டுபோவாங்கல்லா, அது மாதிரி புதுக் கொளம் கட்டுனா வீட்டுச் சாமிக்கும் ஆறாட்டு உண்டும்போல, இது ஒங்க வழக்கம்னு நெனச்சேன். சாமி கும்புடுத எடத்துல நிக்கப்பிடாதுன்னு வெளிய கூட வரமாட்டேன் சார்."

"ஏன்டே," என்றார் லிங்கம். குரல் அவருக்கே கேட்கவில்லை. "காலையில நான் அவ்வளவு நேரம் கேட்டேனே. ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலியே சார்." அவன் குற்றம் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். "நீ எப்ப எடுத்த, நீ எங்க வச்சன்னு கேட்டிய. அய்யாவும் அதத்தான் கேட்டாரு. நான் என்ன கண்டேன்னு யாரு கேட்டா?"

ஜெஸ்லின் குனிந்து, கூடையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்து மூடியைப் போட்டாள்.

சாவித்ரி சமையலறைக்குப் போய், ஒரு புது எலுமிச்சம்பழத்தையும் ஒரு வெற்றிலையையும் எடுத்து வந்து இசக்கியின் பக்கத்தில் வைத்தாள். தொறந்தா வேலக்காரனுக்கு ஆகாது என்று அவன் சொன்னது ஜன்னல் வழியே அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். இசக்கி குனிந்தான். புல்லின் ஓரம் திரும்பத் திரும்பச் சுருண்டு விழுந்தது. ராமசுப்ரமணியன் முட்டுவலியோடு முனகிக்கொண்டே உட்கார்ந்து, அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சாவித்ரி," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். "ஒரு ஆழாக்கு அரிசிக்கு எத்தனை தண்ணி வெக்கணும்?"

அவள் கையில் இருந்த சாளக்கிராமத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். இப்போதுதான் அவள் கண்ணில் தண்ணீர் வந்தது.

லிங்கம் தள்ளிப் போய், பம்ப் ஷெட் நிழலில் இசக்கி உட்கார்ந்திருந்த அதே இடத்தில் உட்கார்ந்து டைரியைப் பிரித்தார். பதினோரு கேள்வி. ஒவ்வொன்றாகப் படித்தார். பதினொன்றும் ஒரே கேள்விதான்: நீதானே எடுத்தாய்? கீழே பன்னிரண்டு என்று எண் போட்டு, 'நீ என்ன பார்த்தே?' என்று எழுதினார்.

"இருபத்தொன்பது வருஷம் சார்," என்றாள் ஜெஸ்லின், எட்டிப் பார்த்து. இந்தத் தடவை அது நக்கல் இல்லை.

ஆமாம் என்று தலையாட்டினார். இத்தனை வருஷத்தில் எத்தனை பேரிடம் இதைக் கேட்காமல் விட்டோம் என்று எண்ணத் தொடங்கினார். முதல் நாலு முகம் தெளிவாக ஞாபகம் வந்தது. ஐந்தாவது முகம் வந்ததும் டைரியை மூடிவிட்டார்.